அரளித் தொட்டிகளுக்குப் பின்னால்

சேசு மரி சூசை

காரிமங்கலம்,
12-2-1969

அன்புள்ள அக்காளுக்குத் தங்கை லூர்துமேரி எழுதிக்கொண்டது.

மாதாவின் தயவால் இங்கே அவரும் மகள் இன்னாசியும் நாத்தனார் ராயம்மாளும் சுகம். பம்பாய் மழையில் பிடித்த உன் மூட்டுவலி இப்போது தேவலையா? நீ வேலை பார்க்கிற பார்சி அம்மாளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். நம் வீட்டுப் புறக்கடை உனக்குத் தெரியும். சாம்பல் மேடு, எருக்குழி, ஆட்டுப்பட்டி, அவ்வளவுதான். அதைச் சுத்தம் செய்து கல் பாவி, தொட்டிகளில் செடி வைக்கலாம் என்று இருக்கிறேன். போன தடவை வந்தபோது உன் பார்சி அம்மாள் வீட்டுப் பின்முற்றத்தைப் பற்றி அவ்வளவு சொன்னாயே. இங்கே தரையில் குழி எடுத்தால் ஒரு முழத்தில் பாறை தட்டிவிடுகிறது. அதனால் தொட்டிதான் சரி. எந்தச் செடி, எந்த வரிசை, தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும், எல்லாம் எழுது.

இன்னாசிக்கு இருபது நடக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் கை கழுவப் புறக்கடைக்குத்தானே வருவார்கள். கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டும். அவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
லூர்து


பம்பாய்,
25-2-1969

என் பிரியமுள்ள லூர்துவுக்கு,

ராஜமேரி அக்காளின் முத்தங்கள். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. படி ஏறினால் மட்டும் சத்தம் போடும். பார்சி அம்மாளுக்குக் கண் தெளிந்துவிட்டது. இப்போது தூசியெல்லாம் தெரிகிறது, எனக்குத்தான் கஷ்டம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாதவளுக்கு இதென்ன ஆசை? ஆனாலும் சந்தோஷம். கேட்டுக்கொள். கல் பாவும்போது வீட்டுச் சுவர்ப் பக்கம் உயர்த்தி, வெளிப்பக்கம் தாழ்த்திப் பாவச் சொல். ஊற்றுகிற தண்ணீர் தானாக ஓடிவிட வேண்டும். தொட்டியை அப்படியே கல்மேல் வைக்காதே. மூன்று செங்கல் துண்டின்மேல் வை. அடியில் ஓட்டை இருக்கட்டும், ஓட்டைமேல் ஓட்டாஞ்சில்லு ஒன்று கவிழ்த்துவிடு. செம்மண், ஆற்றுமணல், மக்கின ஆட்டெரு மூன்றும் சமபங்கு. எங்கள் பார்சி அம்மாள் சொல்வாள், தொட்டிச் செடி ஜெயில் கைதி மாதிரி, நாம் கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு, தானாக வேர் விட்டுத் தேடிப் போக முடியாது என்று.

நடுவில் நாலு பேர் உட்காருகிற மாதிரி இடம் விடு. மாலையில் நீயும் சவுரியப்பனும் அங்கே உட்கார்ந்து காப்பி குடியுங்கள்.

எல்லோரும் சுகம் என்று எழுதினாயே, உன்னைப் பற்றி எழுதவில்லையே?

அன்போடு,
ராஜமேரி


காரிமங்கலம்,
20-4-1969

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதம் வந்த வாரமே ஆள் வைத்துப் பலகைக் கல் இறக்கினோம். நீ சொன்ன மாதிரியே வாட்டம் பார்த்துப் பாவியாயிற்று. ஈஸ்டர் நல்லபடியாகப் போனது.

மூலையில் ஆட்டுப்பட்டி இருந்த இடத்தில் சின்னதாக ஓர் ஓலைச் சாளை போட்டிருக்கிறோம். தட்டுமுட்டுச் சாமான் வைப்பதற்கு. அது பார்க்க நன்றாக இல்லை. கதவைத் திறந்து நிற்கிறவர் கண்ணுக்கு அந்த மூலை தெரியவே கூடாது. அதற்கு எப்படித் தொட்டி வைக்கலாம்? ஆள் உயரத்துக்கு அடர்த்தியாக வளருகிறது எது? தண்ணீர் குறைவாகக் குடிக்கிறதாக இருக்கட்டும். ஆடு மேயாததாகவும் இருக்கட்டும். சீக்கிரம் வளர வேண்டும் அக்கா, அதுதான் முக்கியம்.

போன வாரம் உலைப் பானையை வெறுங்கையால் இறக்கிவிட்டேன். கொப்புளம் கண்ட பிறகுதான் தெரிந்தது. வலி ஒன்றும் இல்லை, நீ கவலைப்படாதே. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

லூர்து


பம்பாய்,
2-5-1969

அன்பான லூர்துவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். கொப்புளம் வருகிற அளவுக்குச் சுட்டால் வலிக்காமல் எப்படி இருக்கும்? டாக்டரிடம் காட்டு.

நீ கேட்டதைப் பார்சி அம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே உற்சாகம். கரித்துண்டால் தரையில் போட்டே காட்டிவிட்டாள். பின்வரிசைக்குச் செவ்வரளி. அதை ஆடு தொடாது, வெயிலுக்கும் அஞ்சாது. சின்னத் தொட்டி பற்றாது. ரோடு போடுகிற இடத்தில் காலித் தார் டிரம் கிடைக்கும், பாதியாக அறுத்து வாங்கச் சொல். அரளி டிரம்களை இரண்டு வரிசையாக வை. முன்வரிசையில் இரண்டு டிரம்முக்கு நடுவே உள்ள சந்து, பின்வரிசை டிரம்மால் அடைபட வேண்டும். ஒரு சாண் இடைவெளிகூட விடாதே. அதற்கு முன்னால் எண்ணெய் டின்களில் குரோட்டன்ஸ், மருதாணி. எல்லாவற்றுக்கும் முன்னால் தரையோடு தரையாகப் பட்டுரோஜா. பார்க்கிறவர் கண் முதலில் பூவில் விழுந்து, பிறகு மெல்ல மேலே ஏறி, இலையிலேயே நின்றுவிடும். பின்னால் யானையைக் கட்டி வைத்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

இந்தக் கிறிஸ்மசுக்கு லீவு கேட்டிருக்கிறேன். வந்து உன் முற்றத்தில் உட்காரப் போகிறேன்.

ஆசையோடு,
ராஜமேரி


காரிமங்கலம்,
11-9-1969

அக்காளுக்கு,

நான்கு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். அரளி நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போதே என் தோள் உயரம். டின் விளிம்பு காலைக் கிழித்து ஒரு புண் ஆறாமல் இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

கிறிஸ்மசுக்கு வராதே அக்கா. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். இன்னாசிக்கு நல்லம்பள்ளியில் ஓர் இடம் வந்திருக்கிறது. எல்லாம் கூடி வரட்டும், பிறகு நானே எழுதுகிறேன்.

பார்சி அம்மாளுக்கு என் வணக்கம்.

லூர்து


பம்பாய்,
22-9-1969

லூர்து,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி.

வெள்ளை அடிக்கிற வீட்டுக்கு நான் வந்தால் என்ன? சுண்ணாம்பு என்மேல் ஒட்டிக்கொள்ளுமா? உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருக்கிறது. சுட்டால் வலிக்கவில்லை, வெட்டினால் தெரியவில்லை. பார்சி அம்மாளைப் பார்க்க வருகிற டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நோயின் பேரைச் சொன்னார்.

பச்சையாகக் கேட்கிறேன். உன் உடம்பில் எங்கேயாவது உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கிறதா? இருந்தால் மறைக்காதே. இது சாபம் இல்லையாம். மாத்திரை இருக்கிறது, விடாமல் தின்றால் நின்றுவிடும் என்கிறார். விட்டுவிட்டால்தான் விரல் போகும் என்கிறார்.

உடனே ஒரு வரி எழுது.

ராஜமேரி


காரிமங்கலம்,
15-12-1969

ராஜமேரி அக்கா அவர்களுக்குச் சவுரியப்பன் எழுதுவது.

தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். செப்டம்பர் மாதம் முதல் தாங்கள் போட்ட மூன்று கடிதங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. லூர்துவிடம் கொடுக்கவில்லை.

தாங்கள் நினைத்தது சரிதான். இரண்டு வருஷம் முன்பு முதுகில் தேமல் கண்டது. பிறகு கை. மிஷன் ஆஸ்பத்திரியில் பெருநோய் என்று சொல்லிவிட்டார்கள். நான் அவளைத் துரத்தவில்லை அக்கா. எத்தனையோ வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தங்களுக்கே தெரியும். கோயில் வாசலில் தட்டோடு உட்கார வைக்கவில்லை. புறக்கடையில் சாளை போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் சோறு போகிறது.

இன்னாசிக்கு நல்லம்பள்ளியில் முடிவாகிவிட்டது. பையன் சின்னப்பன், பஸ் கண்டக்டர். ஜனவரி 21 கல்யாணம். பெண்ணின் தாய் எங்கே என்று கேட்டார்கள். பம்பாயில் அவள் அக்காள் வாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறாள், பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறோம். ஊருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறோம். தாங்கள் இங்கே நடந்து வந்து இறங்கினால் என் மகள் வாழ்க்கை அன்றோடு சரி.

காலில் விழுந்து கேட்கிறேன். வராதீர்கள்.

தங்கள்,
சவுரியப்பன்


காரிமங்கலம்,
18-2-1970

அன்புள்ள அக்காளுக்கு,

கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உன் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். இதையும் அவரே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார். பென்சிலை விரலோடு துணியால் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். நாலைந்து நாளாகும், ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அவர்மேல் கோபப்படாதே. செடி என்று முதலில் சொன்னது நான்தான். என் கை கோணத் தொடங்கியதும் ராயம்மாள், "வர்றவங்க பார்த்துட்டா என்ன பண்றது? மூலையை அடைச்சுச் செவுரு வச்சுடலாம்" என்றாள். சுவர் வைத்தால் உள்ளே என்ன என்று எவரும் கேட்பார்கள், செடி வைத்தால் செடியைத்தான் பார்ப்பார்கள் என்று நான் சொன்னேன். எனக்கும் இலை வழியாகக் கொஞ்சம் வானமும், கதவைத் திறந்தால் சமையல்கட்டும் தெரியும் அல்லவா. அதனால் கேட்டேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் வாங்கித் தின்றேன். வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வண்டி கிருஷ்ணகிரி ரோட்டுப் புளியமரத்தடியில் நிற்கும். அங்கே வரிசையில் நிற்கிறவர்களை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் பம்பாய் போய்விட்டேன் என்று ஊருக்குச் சொன்ன பிறகு எப்படிப் போய் நிற்பது? மாத்திரை அதோடு நின்றுவிட்டது.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தாய் கை கழுவப் புறக்கடைக்கு வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அடேயப்பா! எங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒரு பொடக்காளிய நான் பார்த்ததே இல்லீங்க. யாரு வச்சதுங்க?"

செம்பில் தண்ணீரோடு நின்ற இன்னாசி, "எங்கம்மாங்க" என்றாள்.

"உங்கம்மாவுக்கு நல்ல கைங்க. கைராசி இல்லாம இப்படி வருமா?"

நான் சாளைக்குள் உட்கார்ந்து என் கையைப் பார்த்தேன் அக்கா.

அதோடு போனாளா? பூப் பறிக்கக் கிட்டே வந்தாள். அரளிக் கிளையை அவள் வளைத்தபோது அவள் வளையல் எனக்குத் தெரிந்தது. "இதுக்குப் பின்னால என்னாங்க இருக்குது?" என்றாள். நான் மூச்சை நிறுத்திவிட்டேன். ராயம்மாள் ஓடிவந்து, "அது ஆட்டுப்பட்டிங்க, நாத்தம் அடிக்கும், வாங்க" என்று இழுத்துப் போனாள்.

கல்யாணத்தன்று மேளம் கேட்டது. பந்திச் சத்தம் கேட்டது. நல்லம்பள்ளிக்குப் புறப்படும் முன் இன்னாசி முகம் கழுவ வந்தாள். கூடவே நாலைந்து பெண்கள். இன்னாசி செடிகள் பக்கமாகத் திரும்பித் தலை குனிந்து நின்றாள். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டியவள் நான். இலைக்குப் பின்னால் காற்றில் போட்டேன். ஒருத்தி, "மூஞ்சி கழுவ எவ்வளவு நேரம்டீ, வண்டி நிக்குது" என்றாள். இன்னாசி போய்விட்டாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லூர்து


பம்பாய்,
3-3-1970

லூர்து, என் கண்ணே,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பார்சி அம்மாள் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

ஒரு சாண் இடைவெளிகூட விடாதே என்று எழுதினேனே. பல்லுக்குப் பல் அடைத்து வைக்கச் சொன்னேனே. யானையைக் கட்டினாலும் தெரியாது என்று பெருமை அடித்தேனே. யாரை மறைக்கிறோம் என்று தெரியாமல் நானும் அந்த அம்மாளும் தரையில் உட்கார்ந்து கோடு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சவுரியப்பனை நான் திட்டப் போவதில்லை. மூன்று வேளைச் சோற்றைக் கணக்குச் சொன்னவனிடம் எனக்கு என்ன பேச்சு? நீ புறப்படு. மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்கிறார். மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஆஸ்பத்திரி ஒன்று உண்டாம், அங்கேயே தங்க இடமும் கொடுப்பார்களாம். நான் வந்து கூட்டிப் போகிறேன். எப்போது வரட்டும்? இன்னாசியைச் சொல்லி என்னைத் தடுக்காதே.

ராஜமேரி


காரிமங்கலம்,
9-9-1970

அன்புள்ள அக்காளுக்கு,

ஆறு மாதமாக உன்னைக் காக்க வைத்தேன். பெண் புதிதாக வாழப் போன இடம், கொஞ்சம் வேர் பிடிக்கட்டும் என்றுதான். இப்போது சொல்ல வேண்டியது வந்துவிட்டது.

இன்னாசி முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அம்மா பம்பாயிலிருந்து எப்போது வருவாள் என்று சம்பந்தி வீட்டில் கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். போன மாதம் ஒரு நாள் அவர் செடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இந்தப் பக்கம் அவர் வருவதில்லை.

"லூர்து, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"அக்காவப் பார்க்கப் போன எடத்துல காய்ச்சல் கண்டு, நீ தவறிட்டேன்னு... சொல்லிடலாம்னு ராயம்மா சொல்லுது. பொண்ணுக்கு அதுதான் நல்லதுன்னு எனக்கும் படுது."

எனக்கு அழுகை வரவில்லை. "எப்போ?" என்று கேட்டேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை தந்தி வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

அப்படியே சொன்னார்கள். என் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தார்கள். கோயில் மணி எனக்கு நன்றாகக் கேட்டது. பூசை முடிந்து ஊரே வீட்டுக்கு வந்தது. பெண்கள் இந்தக் கல்லில்தான் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி, "ஒரு வார்த்த கடுஞ்சொல்லு பேச மாட்டாளே" என்று சொல்லி அழுதாள். போன வருஷம்தான் ஆடு மேய்ந்ததற்கு அவளை நான் திட்டித் தீர்த்தேன்.

அதே பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு செடிகளைப் பார்த்தாள். "இவ்வளவு வெயில்ல ஒரு எல வாடல பாரேன். யாரு தண்ணி ஊத்தறா?" என்றாள். ராத்திரியில் ஊற்றுகிறவள் நான். ராயம்மாள், "நாந்தான்" என்றாள். பாஞ்சாலி அரளியையும் ராயம்மாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் அழுகை எல்லாம் ஓய்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பொய்க்கு அழுகிறவள் அப்படி அழ மாட்டாள். "அளுவாத, உனக்கு நான் இருக்கேன்" என்று மாப்பிள்ளை அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன் அக்கா. அதைக் காதால் கேட்டதில் எனக்கு நிம்மதிதான்.

இனி நீ வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நான் இங்கே இருந்து ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

லூர்து


பம்பாய்,
17-9-1970

லூர்து,

பார்சி அம்மாளிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை புறப்படுகிறேன். அரக்கோணத்தில் வண்டி மாறி மொரப்பூரில் இறங்குவேன். காரிமங்கலத்துக்குப் பட்டப்பகலில்தான் வருவேன். நல்ல சேலையைக் கட்டிக்கொள். புறக்கடை வழியாக உன்னைக் கூட்டிப் போக மாட்டேன். சந்தைக் கூட்டம் இருந்தால் இருக்கட்டும்.

உன் அக்காள்


மலையடிவாரம்,
ஆஸ்பத்திரி,
24-5-1971

அன்புள்ள அக்காளுக்கு,

நீ என்னை இங்கே சேர்த்துவிட்டுப் பம்பாய் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. கால் புண் ஆறிவிட்டது. வலக்கையில் இரண்டு விரல் போனது போனதுதான். போன வாரம் சோதித்துப் பார்த்து, இனி என்னால் யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போகலாம் என்று மதர் சொன்னார்கள். சமையல்கட்டில் காய் நறுக்குகிற வேலை இருக்கிறது, இங்கேயே இருக்கிறேன் என்றேன். மதர் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அன்று ஊரே சந்தைக்குப் போயிருக்க, நாம் முன்வாசல் வழியாக இறங்கி நடந்தபோது பாஞ்சாலி மட்டும் குடத்தோடு எதிரே வந்து, "போயிட்டு வா ஆத்தா, எனக்குத் தெரியும்" என்று என் காதுக்குள் சொன்னாளே, நினைவு இருக்கிறதா? அவள் இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லையாம். அதை இன்னாசி சொன்னாள்.

ஆமாம் அக்கா, இன்னாசி வந்தாள். நேற்று. தர்மபுரிக்குத் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு கேட்டுக்கு வெளியே வேலமரத்து நிழலில் நின்றாள். உள்ளே வா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நானே வெளியே போனேன்.

இளைத்திருக்கிறாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். குழந்தையின் முகத்தில் மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். பெண் குழந்தை. நான்கு மாதம். நம் அப்பாவுடைய நெற்றி அப்படியே.

"வாங்கிக்கம்மா" என்று நீட்டினாள்.

ஒட்டாது என்று மதர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் என் கை முன்னால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டுத் திரும்ப மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

அவள் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். மறுபடி கேட்டேன்.

"லூர்துமேரிம்மா" என்றாள். "எங்க மாமியாதான் சொன்னாங்க. செத்துப்போன பாட்டி பேரைத்தான் வைக்கணும், அதுதான் மொறைன்னு. நான் என்னத்தச் சொல்றது? ஞானஸ்நானத்துல சாமியாரு அந்தப் பேரைச் சொன்னப்போ நான் வெளிய வந்துட்டேன்."

"நல்ல பேருதான்" என்றேன்.

குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. குனிந்து, "லூர்துமேரி" என்று கூப்பிட்டேன். சிரித்தது அக்கா. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற வயசு.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. இனிமேல் வராதே, மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் வம்பு என்று சொல்லி ஏற்றி அனுப்பினேன். சரி என்றாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்லதுதான்.

மழைக்காலம் வருகிறது, உன் முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள். பார்சி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தங்கை